நாட்டுக்கு நாடு பதின்வயதினரின் எடையும் சாப்பாடும்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறது

ஒரு பையன். வயது சரியாக 13, உயரம் 156 செ.மீ., எடை 52 கிலோ. 1.56 × 1.56 = 2.4336. 52ஐ இதால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறை குறியீடு, 21.4. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி அந்த வயதுப் பையனுக்கு 20.8ஐத் தாண்டினாலே அதிக எடை. ஆகவே இவன் அதிக எடைக்காரன். ஐஓடிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேச உடல்பருமன் பணிக்குழுவின் அட்டவணையில் எல்லை 21.91, அங்கே இவன் இயல்பானவன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அட்டவணையில் அதிக எடைக்கான எல்லை 85ஆவது பெர்சன்டைல், அதாவது நூறு பேரில் 85 பேர் எந்த எண்ணுக்குக் கீழே இருப்பார்களோ அது. ஏறத்தாழ 21.8, அங்கேயும் தப்பித்துவிடுகிறான். இத்தனைக்கும் பையனின் எடை ஒரு கிராம்கூட மாறவில்லை.

"அந்த நாட்டுப் பிள்ளைகளில் இத்தனை சதவீதம் பேர் குண்டு, இந்த நாட்டில் இத்தனை" என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் அடிபடுவது இந்த இடத்தில்தான். ஒரு நாட்டில் ஒரு அளவுகோலை வைத்து எண்ணியிருப்பார்கள், இன்னொரு நாட்டில் வேறொன்றை. பட்டியல் போடுகிறவர் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுவார். சாப்பாடு பற்றிய எண்களில் சிக்கல் இன்னும் கூடுதல். எடைக்காவது தராசு இருக்கிறது. "எத்தனை நாள் குளிர்பானம் குடிக்கிறாய்?" என்ற கேள்விக்கு எந்தத் தராசும் இல்லை.

எந்தக் கட்-ஆஃப், யாருடைய கட்-ஆஃப்

பெரியவர்களுக்கு 18.5, 25, 30 என்ற மூன்று எண்கள் போதும். வளரும் வயதில் பிஎம்ஐ மாதா மாதம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆணுக்கு ஒரு வேகம், பெண்ணுக்கு ஒரு வேகம். பெரியவர்களின் 18.5ஐ எடுத்து 13 வயதுப் பையன்கள் மேல் வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன அட்டவணையில் அந்த வயதின் நடுமதிப்பே 18.2தான். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பையன்களில் பாதிக்கு மேல் "மெலிந்தவர்கள்" ஆகிவிடுவார்கள். அந்த வயதில் மெலிவுக்கான எல்லை 14.9. மாணவர்களின் ஆய்வேடுகளில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. 'பிள்ளைகள் எல்லாரும் சத்துக்குறைவு' என்ற முடிவோடு ஆய்வு முடிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் நடுமதிப்பிலிருந்து ஒரு திட்டவிலக்கம் (எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) மேலே போனால் அதிக எடை, இரண்டு போனால் உடல்பருமன். இரண்டு கீழே போனால் மெலிவு, மூன்று போனால் கடும் மெலிவு. 5 முதல் 19 வயது வரை இது செல்லும். 19 வயதில் மேல் எல்லைகள் பெரியவர்களின் 25, 30ஓடு வந்து சேர்ந்துவிடும். ஐஓடிஎஃப் அட்டவணை 2000இல் வந்தது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களின் அளவீடுகளைக் கொண்டு, 18 வயதில் 25ஐயும் 30ஐயும் தொடும் கோட்டைப் பின்னோக்கி வரைந்தார்கள். மெலிவுக்கான எல்லைகள் 2007இல் சேர்ந்தன. ஒரே பிள்ளைகளை மூன்று அட்டவணையிலும் போட்டால், பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு அதிகம் காட்டும், ஐஓடிஎஃப் குறைவாகக் காட்டும், சிடிசி நடுவில் நிற்கும்.

சிடிசி அட்டவணையில் 95ஆவது பெர்சன்டைலை எட்டினால் உடல்பருமன். பலரும் கேட்கும் கேள்வி ஒன்று: 95ஆவது பெர்சன்டைலுக்கு மேல் 5 சதவீதம் பேர்தானே இருக்க முடியும், அமெரிக்காவில் எப்படி 20 சதவீதத்தைத் தாண்டுகிறது? அந்த 95 இன்றைய பிள்ளைகளை வைத்துப் போட்டதல்ல. 1960களில் தொடங்கி எடுத்த பழைய அளவீடுகள்தான் அதன் அடிப்படை. எல்லை அங்கேயே நிற்கிறது, பிள்ளைகள் அதைக் கடந்து போய்விட்டார்கள்.

நாடுகளின் சொந்த முறைகள் இதற்கு மேல். ஜப்பானின் பள்ளிச் சுகாதாரப் புள்ளிவிவரத்தில் "உடல்பருமன்" என்று படித்ததும் பிஎம்ஐ என்று நினைத்துவிடக் கூடாது. பால், வயது, உயரம் மூன்றுக்கும் பொருந்தும் நியம எடையைக் கணக்கிட்டு, அதைவிட 20 சதவீதமோ மேலோ கூடினால் பருமன், 20 சதவீதமோ மேலோ குறைந்தால் மெலிவு என்கிறார்கள். இந்தக் கணக்கு 2006 முதல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நியம எடைக்குப் பதில், அதே வயதும் உயரமும் உள்ளவர்களின் சராசரி எடையோடு ஒப்பிட்டார்கள். ஆகவே ஜப்பானையே ஜப்பானோடு ஒப்பிடும்போதும் அந்த ஆண்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இன்னொரு விசித்திரம். 10–11 வயதில் பள்ளியில் அளக்கும் திட்டத்தில், மக்கள்தொகைக் கணக்குக்கு அதிக எடை, பருமனின் எல்லைகள் 85ஆவது, 95ஆவது பெர்சன்டைல். தனிப் பிள்ளையை மதிப்பிட்டுப் பெற்றோருக்குச் சொல்ல 91ஆவது, 98ஆவது. நாட்டுக் கணக்கில் அதிக எடை என்று விழுந்த பிள்ளை, வீட்டுக்குப் போகும் கடிதத்தில் இயல்பான எடையோடு இருக்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை பெரியவர்களின் 23, 27க்கு இணையான கோடுகளை எடுத்துக்கொள்கிறது. அதே பிஎம்ஐயில் தெற்காசியர்களிடம் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பது காரணம். பசிபிக் தீவு மக்களிடம் இதற்கு நேர்மாறு: அதே பிஎம்ஐயில் தசையின் பங்கு அதிகம். இரண்டு பகுதிகளையும் ஒரே பட்டியலில் வைப்பவர்கள் இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்த எண்ணும் கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 0.5ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

அளந்த எடையா, சொன்ன எடையா

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். நடமாடும் மையங்களில் தராசில் நிறுத்தி அளக்கும் தேசிய ஆய்வின்படி, 2017 முதல் 2020 மார்ச் வரை 12–19 வயதினரில் உடல்பருமன் 22.2 சதவீதம். உயர்நிலைப்பள்ளி மாணவர்களே தங்கள் உயரத்தையும் எடையையும் எழுதித் தரும் கணக்கெடுப்பில் 2019இல் 15.5 சதவீதம். வயது வரம்பு கொஞ்சம் வேறு என்றாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணம் அல்ல. பதின்வயதினர் உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் எழுதுகிறார்கள்; எடை கூடியவர்கள் கூடுதலாகக் குறைக்கிறார்கள்.

சிறிய பிழை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 வயதுப் பெண், 155 செ.மீ., 54 கிலோ: பிஎம்ஐ 22.5. உலக சுகாதார நிறுவன எல்லையான 21.8ஐத் தாண்டியவள். உயரத்தில் இரண்டு செ.மீ. கூட்டி, எடையில் இரண்டு கிலோ குறைத்து எழுதினால் 21.1. இயல்பான எடை. இரண்டுமே பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னவை அல்ல. போன வருடம் நிறுத்த எடை அவளுக்கு நினைவிருந்திருக்கலாம்.

இதைவிட மோசமானது காலியாக விடப்பட்ட கட்டம். எடை எழுதாமல் விடுபவர்கள் குலுக்கல் முறையில் விடுவதில்லை. தன் உடலைப் பற்றிக் கூச்சம் உள்ளவர்களும், வீட்டில் தராசே இல்லாதவர்களும்தான் அதிகம் விடுகிறார்கள். ஆகவே எந்த நாட்டு எண்ணைப் பார்த்தாலும் உயரம் அல்லது எடை இல்லாதவர்களின் சதவீதத்தைத் தேடுங்கள். ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரின் அளவு விடுபட்டிருந்தால் அந்த நாட்டை எடை ஒப்பீட்டிலிருந்து ஒதுக்கிவைப்பது எங்கள் வழக்கம்.

நேரில் அளப்பவர்களிடமும் தவறு உண்டு. காலணி, காலுறை கழற்றி, குதிகால் சுவரை ஒட்ட, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத்துளையும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க நிறுத்தி, உயரத்தை 0.1 செ.மீ. வரை படிக்க வேண்டும். கொண்டை, உச்சிப்பின்னல் இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை அளந்து, 0.5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை. மனிதர் உயரம் காலையிலிருந்து மாலைக்குள் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையக்கூடும், அதனால் எல்லாப் பள்ளியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. தராசைக் கெட்டியான சமதளத்தில் வைத்து, தினமும் காலையில் தெரிந்த எடைக்கல் ஒன்றை ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்த தராசு காட்டும் எடையை நம்ப முடியாது. குளிர்நாட்டில் ஸ்வெட்டரோடும் வெப்பநாட்டில் மெல்லிய சீருடையோடும் நிறுத்தினால் அந்த வித்தியாசம் அப்படியே நாட்டு வித்தியாசமாகக் கணக்கில் ஏறும்.

வயதைப் பிறந்த தேதியிலிருந்து மாதக் கணக்கில் எடுங்கள். முதலில் சொன்ன 21.4 பிஎம்ஐ பையனுக்கு 13 வயது முடிந்து 11 மாதம் என்றால், உலக சுகாதார நிறுவன அட்டவணையிலும் அவன் இயல்பானவன்தான், ஏனென்றால் 14 வயதில் எல்லை 21.8. "வயது 13" என்று மட்டும் எழுதி வாங்கிய தரவில் இந்தப் பதினோரு மாதமும் கரைந்துபோகும். கொரியாவில் பிறந்த அன்றே ஒரு வயது என்று எண்ணும் வழக்கம் இருந்தது. அரசுக் காரியங்களுக்கு 2023 ஜூனில்தான் அதை முற்றாக விட்டார்கள். பழைய படிவங்களில் எந்த வயது என்று பார்க்காமல் தொடக்கூடாது. கணக்கிட உலக சுகாதார நிறுவனத்தின் ஆன்த்ரோபிளஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நடுமதிப்பிலிருந்து ஐந்து திட்டவிலக்கத்துக்கு அப்பால் போகும் பிஎம்ஐயை அது கொடி காட்டிக் கொடுக்கும். அவற்றில் பெரும்பாலானவை 165ஐ 156 என்று தட்டியது, பவுண்டைக் கிலோவாக எழுதியது போன்ற தட்டச்சுப் பிழைகள். அழிப்பதற்கு முன் படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

பருவமடையும் வயதும் நாட்டுக்கு நாடு மாறும். முன்னதாகப் பருவமடைந்த பெண்கள் 11, 12 வயதில் உயரமாகவும் எடையோடும் இருப்பார்கள். 15ஐ எட்டும்போது இடைவெளி சுருங்கும். அதனால் 11 வயதுப் பெண்களை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவது எங்களுக்கு ஏற்பில்லை.

சாப்பாட்டைக் கேட்கும் கேள்விகள்

பெரிய பன்னாட்டு ஆய்வுகள் இரண்டு. ஒன்று, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் 11, 13, 15 வயதினரிடம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் எச்பிஎஸ்சி (பள்ளி வயதுப் பிள்ளைகளின் சுகாதாரப் பழக்க ஆய்வு). 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, 2021–22 சுற்றில் 44 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டன. இன்னொன்று 2003இல் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க சிடிசியும் தொடங்கிய ஜிஎஸ்எச்எஸ் (உலகப் பள்ளி மாணவர் சுகாதார ஆய்வு). ஆசிய, ஆப்பிரிக்க, பசிபிக், லத்தீன் அமெரிக்க நாடுகளின் எண்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருகின்றன.

இரண்டையும் ஒட்டவைத்து உலகப் பட்டியல் போட நினைப்பவர்கள் முதலில் கேள்வியின் வாக்கியத்தைப் படிக்க வேண்டும். எச்பிஎஸ்சி, "வாரத்தில் எத்தனை முறை" என்று கேட்கும். விடைகள் "ஒருபோதும் இல்லை" முதல் "தினமும் ஒரு முறைக்கு மேல்" வரை ஏழு படிகள். ஜிஎஸ்எச்எஸ், "கடந்த 30 நாளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை" என்று கேட்கும். முதலாவது வழக்கத்தை விசாரிக்கிறது, இரண்டாவது நினைவை. காலையுணவுக்கு எச்பிஎஸ்சியில் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு டம்ளர் பாலோ பழச்சாறோ மட்டும் குடித்தால் அது காலையுணவு ஆகாது. இந்த வரி இல்லாத கேள்வியோடு இதை ஒப்பிட்டால், பாலைக் குடித்துவிட்டு ஓடும் பிள்ளைகள் ஒரு நாட்டில் சாப்பிட்டவர்களாகவும் மறு நாட்டில் பட்டினியாகவும் பதிவாவார்கள்.

30 நாள் கேள்வியில் நாட்காட்டி புகுந்து விளையாடும். பழம் மலிந்த மாதத்தில் கேட்டால் ஒரு விடை, மூன்று மாதம் கழித்துக் கேட்டால் வேறு. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். நான்கு ஆண்டு இடைவெளியில் ஆறு வாரம். இரண்டு சுற்றும் ஒரே பள்ளி மாதத்தில் நடந்திருந்தாலும் ஒன்று நோன்பு மாதத்தில் விழுந்திருக்கலாம், மற்றது விழாமல் போயிருக்கலாம். களப்பணித் தேதியைப் பார்க்காமல் "காலையுணவைத் தவிர்ப்போர் கூடிவிட்டனர்" என்று தலைப்புப் போடுவது ஆபத்து.

காய்கறி என்றால் எது? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாளைக்கு 400 கிராம் பழம், காய்கறியில் உருளைக்கிழங்கு சேராது. அமெரிக்க உணவு வழிகாட்டியில் அதுவும் காய்கறிதான். அப்படியானால் வறுத்த உருளைக்கிழங்கை மாணவர் எந்தக் கட்டத்தில் குறிப்பார்? கேள்வித்தாளிலேயே தெளிவாக எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் தன் வீட்டு வழக்கப்படி குறிப்பார்கள். மொழிபெயர்ப்பில் இதுவே பெரிய கண்ணி. ஒரு மொழியில் "இனிப்பு" என்ற சொல் சாக்லேட்டையும் சேர்க்கும், இன்னொன்றில் பண்டிகைப் பலகாரத்தை மட்டும் குறிக்கும். மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பச் சொல்வது அடிப்படை. அதோடு பத்துப் பிள்ளைகளிடம் "இந்தச் சொல்லைக் கேட்டதும் உனக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்வது அதைவிடப் பலன் தரும்.

"தினமும் ஒரு குளிர்பானம்" எல்லா நாட்டிலும் ஒரே அளவு சர்க்கரை அல்ல. வழக்கமான கோலாவில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை. ஐரோப்பிய டின் 330 மி.லி.; 35 கிராம். அமெரிக்க டின் 355 மி.லி.; 39 கிராமை ஒட்டி வரும். பெரிய பாட்டிலை வாங்கி ஒருவரே குடிக்கும் வழக்கம் உள்ள இடத்தில் எண்ணிக்கை ஒன்றுதான், சர்க்கரை இரட்டிப்பு. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வந்த வரி 100 மி.லி.க்கு 5 கிராம், 8 கிராம் என்று இரண்டு படி வைத்தது. வரிக்குத் தப்பப் பல நிறுவனங்கள் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே இறக்கின. ஆகவே அங்கே 2014இல் "தினமும்" என்று குறித்தவரும் 2018இல் அதையே குறித்தவரும் ஒரே அளவு சர்க்கரை குடிக்கவில்லை. ஒப்பிட வேண்டும் என்றால் எத்தனை முறை என்பதோடு எவ்வளவு மி.லி., சர்க்கரை உள்ளதா அற்றதா என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மேல்வரம்பு, வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையும் சேர்த்து 50 கிராம். ஒரு டின் அதில் முக்கால் பங்கை நெருங்கிவிடுகிறது.

மிட்டாய் தின்றவர் மெலிந்திருந்த கதை

எச்பிஎஸ்சியின் 2001–02 சுற்றில் 34 நாடுகளின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அதிக எடையும் பருமனும் சேர்த்துப் பார்த்தால் மால்டாவும் அமெரிக்காவும் மேலே, லிதுவேனியாவும் லாத்வியாவும் கீழே. அது யாருக்கும் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில்: ஆராய்ந்த நாடுகளில் 91 சதவீதத்தில், அடிக்கடி இனிப்பு தின்பவர்கள் அதிக எடையோடு இருக்கும் வாய்ப்பு குறைவாக வந்தது. பழம், காய்கறி, குளிர்பானத்துக்கும் எடைக்கும் தெளிவான தொடர்பே தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு மிட்டாய் வாங்க ஓட வேண்டாம். எடை கூடியவர் ஏற்கெனவே இனிப்பைக் குறைத்திருக்கலாம். கணக்கெடுப்பு குறைத்த பிறகு வந்து கேட்கிறது. எடை கூடியவர்கள் சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வதும் உண்டு. ஓடியாடும் பிள்ளை அதிகம் தின்னும், அதிகம் செலவழிக்கும். கேள்வி எத்தனை முறை என்று கேட்கிறதே தவிர எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து "இதைத் தின்றதால் அது வந்தது" என்று சொல்ல முடியாததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. காரணம் தேட வேண்டுமென்றால் அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகளிடம் போக வேண்டும்.

எதை ஒப்பிட்டால் பயன்

தனிப் பிள்ளையின் தட்டை விட, அந்தத் தட்டை நிரப்புவது யார் என்பதை நாடுகளுக்கிடையே நன்றாக ஒப்பிடலாம். பின்லாந்தில் 1948 முதல் எல்லா மாணவருக்கும் இலவச மதிய உணவு. ஜப்பானில் பள்ளி உணவுச் சட்டம் 1954இல் வந்தது; 2005இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம். ஆனால் அங்கே பள்ளி மதிய உணவு பெரும்பாலும் நடுநிலைப்பள்ளியோடு நின்றுவிடும். ஆகவே 14 வயது ஜப்பானியரும் 17 வயது ஜப்பானியரும் மதியத்தில் வேறு வேறு உலகத்தில் சாப்பிடுகிறார்கள், ஒரே "பதின்வயது" வரிசையில் அவர்களைச் சேர்க்கலாகாது. பிரேசிலில் 2009 சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் சொன்னது. சிலியில் 2016 ஜூனிலிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களில் கருப்பு எண்கோண முத்திரை. முத்திரை உள்ளதைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. மெக்சிகோவில் 2014 ஜனவரியில் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ என்று வரி வந்தது. வாங்கும் அளவு குறைந்தது. வாங்குவது குறைவதும் பதின்வயதினரின் எடை குறைவதும் ஒன்றல்ல என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

சராசரி ஒன்றை மட்டும் காட்டும் ஒப்பீட்டை நம்பாதீர்கள். இந்தியாவின் 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10–19 வயதினரில் 24 சதவீதம் மெலிவு, 5 சதவீதம் அதிக எடை அல்லது பருமன். சராசரி பிஎம்ஐயை மட்டும் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். வசதியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்: பணக்கார நாடுகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் பருமன் கூடுதல், ஏழை நாடுகளில் வசதியான வீட்டில். எச்பிஎஸ்சி வசதியை அளக்கக் கார், கணினி, குளியலறை, பாத்திரம் கழுவும் இயந்திரம், வெளிநாட்டு விடுமுறை, தனி அறை என்று ஆறு கேள்வி கேட்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரம் யார் வீட்டிலும் இல்லாத நாட்டில் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது.

தரவரிசையை விட, ஒரே நாட்டில் ஒரே முறையில் எடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையிலான மாற்றம் நம்பகமானது. பிழை இரண்டு சுற்றிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கழித்தலில் போய்விடும். அந்த மாற்றத்தை நாட்டுக்கு நாடு ஒப்பிடுங்கள். உலக அளவில் 5–19 வயதினரில் உடல்பருமன் உள்ளவர்கள் 1975இல் 1.1 கோடி, 2016இல் 12.4 கோடி, 2022இல் 15.9 கோடி என்ற மதிப்பீடுகளும் அளந்த தரவுகளை ஒரே அளவுகோலில் மறுபடி கணக்கிட்டு வந்தவைதான். மூலத்தரவு கையில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்: எல்லா நாட்டு உயரத்தையும் எடையையும் வாங்கி, ஒரே அட்டவணையில் ஒரே மென்பொருளில் ஓட்டுவது. வெளியான சதவீதங்களை மட்டும் எடுத்து ஒட்டுவது கடைசி வழி.

தரவரிசை போட்டே ஆக வேண்டும் என்றால் பிழை வரம்பையும் போடுங்கள். ஒரு வயதுப் பிரிவில் 1,500 பேர், அவர்களில் 10 சதவீதம் பருமன் என்றால், உண்மை எண் 8.5க்கும் 11.5க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் வரம்பு இன்னும் அகலும், ஒரே வகுப்பில் இருப்பவர்கள் பழக்கத்தில் ஒத்திருப்பார்கள் என்பதால். 11ஆம் இடத்துக்கும் 16ஆம் இடத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் இந்தக் கணக்கு எதிலும் வருவதில்லை. இடைநிற்றல் அதிகமுள்ள நாட்டில் 15 வயது எண் வசதியான பாதியின் எண்ணாகிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அட்டவணையின் பெயர், அளந்ததா சொன்னதா, வயது வரம்பு, களப்பணி நடந்த மாதம், விடுபட்டவர் சதவீதம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஐந்தில் ஒன்று கிடைக்காத நாட்டின் பெயருக்கு எதிரே கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.